கடன் வரலாறு இல்லாதவர்களின் கடன் வரலாறு

"அக்கா, நமக்கு வரலாறே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

சிதம்பரத்துக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு தங்கை எங்களுக்குப் போன் செய்து சொன்ன வார்த்தை இது. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடமாக லேப் டெக்னீஷியன். மாதாமாதம் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அப்பா பெயரில் இருக்கும் மனையில் ஒரு வீடு கட்ட வேண்டும், அதற்கு வீட்டுக் கடன் வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. வங்கியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஹிஸ்டரி இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. இந்தப் பதிலைப் பல வங்கிகளில் கேட்டிருக்கிறோம்.

அவள் வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. அவள் அப்பா வாங்கியிருக்கிறார். தாத்தா வாங்கியிருக்கிறார். தாத்தாவின் அப்பா வாங்கிய கடனுக்குத் தாத்தா பண்ணையில் உழைத்திருக்கிறார். இத்தனை தலைமுறைக் கடனும் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது, எந்தக் கணக்கில் எழுதப்படவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச நினைக்கிறோம். நம் மாணவத் தோழர்களில் பலர் இன்னும் சில வருடங்களில் இதே நாற்காலியில் போய் உட்காரப் போகிறவர்கள். அதனால் வரலாற்றோடு கொஞ்சம் நடைமுறையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். சிபில் நிறுவனம் 2000இல் தொடங்கப்பட்டது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கு என்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நாம் வாங்கும் ஒவ்வொரு கடனும், கட்டும் ஒவ்வொரு தவணையும் வங்கிகள் மூலம் இவர்களிடம் போகிறது. அதிலிருந்து 300க்கும் 900க்கும் இடையில் ஒரு மதிப்பெண் பிறக்கிறது. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் வராது. அந்த இடத்தில் -1 என்றோ, வரலாறு இல்லை என்பதைக் குறிக்கும் என்.ஹெச். என்ற எழுத்துகளோ இருக்கும். தங்கைக்கு வந்தது அதுதான். ஆனால் இந்தக் கணக்குப் புத்தகத்துக்கு இருபத்தைந்து வயதுதான் ஆகிறது. அதற்கு முன்பு யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமை முறை பற்றி அறிக்கைகள் கேட்டு வாங்கியது. தமிழ் மாவட்டங்களில் உழைக்கும் சாதி மக்கள் நிலத்தோடு விற்கப்பட்டதும், கடனுக்கு ஈடாக அடமானம் வைக்கப்பட்டதும் அந்தக் காலத்து அரசு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்கப் போகும் இந்தப் பெண்ணின் முன்னோர்கள் தாங்களே அடமானப் பொருளாக இருந்தவர்கள். கடன் வாங்கியவர் மிராசுதார். ஈடாக நின்றவர் பறையர், பள்ளர். திருப்பிக் கட்டிய நாணயம் மிராசுதாரின் பெயரில் ஏறியது.

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஐந்தாம் சட்டம் போட்டது. ஒரு மனிதரை அடிமை என்று சொல்லி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்றது அந்தச் சட்டம். ஆனால் அடிமை என்ற சொல் போன இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ பண்ணையில் வாங்கிய சிறு தொகைக்கு ஒருவர் படியாளாக நின்றார். கூலி படி நெல். அசல் குறையாது, ஏனென்றால் கூலியில் அசலைக் கழிக்க இடமே வைக்கவில்லை. அப்பா போனால் மகன் நின்றார். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து இத்தகைய கடன்களை ரத்து செய்யும் வரை சட்டத்தின் கண்ணுக்கும் இது வெறும் கொடுக்கல் வாங்கலாகவே தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் கட்டிய தவணை இது. இப்படிக் கட்டியவருக்கு இன்றைய கணக்குப்படி 900 மதிப்பெண் கிடைத்திருக்க வேண்டும்!

அந்தக் கடனை விடவும் இறுக்கமான கயிறு ஒன்று இருந்தது. அது குடியிருந்த மனை. கொள்ளிடத்துக்கு வடகரையில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் வயல் ஊர்கள் தஞ்சாவூரின் நீட்சி மாதிரிதான். சேரி நிற்கும் மண் பல ஊர்களில் பண்ணைக்குச் சொந்தம். கூலி அதிகம் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடியும். வீட்டு மனை இல்லாதவரிடம் சட்டம் கொடுக்கும் மற்ற எந்த உரிமையும் செல்லாக் காசு.

இங்கே நந்தனார் கதை ஞாபகம் வராமல் இருக்காது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையில் அந்த வேதியர் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரம் எழுதியபோதுதான் அவர் வருகிறார். சிதம்பரம் போக விடுமுறை கேட்டுப் பண்ணையார் முன் நிற்கும் ஆள் என்பது சேக்கிழார் காலத்து நாயனாரைவிட பாரதியார் காலத்துப் படியாளுக்கு நெருக்கமான சித்திரம் என்று எங்களுக்குத் தோன்றும். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொன்னதால் அவருக்கு அந்தப் பெயர். இன்று வங்கியில் நம்மிடம் சொல்வது, நாளைக்கு வாங்க.

அரசாங்கம் இந்த மனைப் பிரச்சினையைத் தொடுவதற்கு வெகு நாளானது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது என்பது நம் தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். பஞ்சமி நிலத்தைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு அடுத்து நடந்ததைப் பற்றிப் பேசியதில்லை.

1920 வாக்கில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கியது. பேடிசன் என்ற அதிகாரி அந்தப் பதவிக்கு வந்தார். பெயர் தொழிலாளர் துறை என்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குக் கிணறு, பள்ளி, பாதை, மனை ஏற்பாடு செய்வது அதன் பெரிய வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் தொடங்கிய மனைத் திட்டம் பிறகு தென்னாற்காடு உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் வந்தது. அது எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு சேரியில் மனை வேண்டும் என்பவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைப்பார்கள். நிலத்தை அரசு விலைக்கு வாங்கும். உரிமையாளர் மறுத்தால் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தும். நிலத்தின் விலையைச் சங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கும். சங்கத்து உறுப்பினர்கள் அதை ஆண்டுத் தவணைகளில், பல வருடங்களுக்கு, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

இதற்கு இன்றைய பெயர் என்ன? வீட்டுக் கடன்தானே. நிலத்தை இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதாக இருந்திருந்தால் இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை, விலைக்கு விற்றார்கள், அதுவும் தவணையில். கூலி நெல்லாக வரும் வீட்டில் ரூபாய் தவணை எங்கிருந்து வரும் என்ற கேள்வியையும் அரசு பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இருந்தாலும் மக்கள் சேர்ந்தார்கள். குடிசையைப் பிரிக்கச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லாத ஒரு துண்டு மண்ணுக்காகக் கூலிக்காரர்கள் சங்கம் அமைத்துக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மிராசுதார்கள் எதிர்த்தார்கள். மனை கிடைத்தால் ஆள் கிடைக்காது என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. நம்முடைய கணக்கில், தமிழ்நாட்டுத் தலித்துகளின் முதல் வீட்டுக் கடன் விண்ணப்பங்களில் இவற்றைச் சேர்க்க வேண்டும். மதிப்பெண் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, ஈடு காட்டச் சொத்தும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த உறுதிதான் ஈடு.

அதே காலத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார். ஓமக்குளம் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவை நின்று பாருங்கள். பிறகு பல ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தார். அவரைப் பக்திமானாக மட்டும் பார்த்து ஒதுக்குகிற வழக்கம் நம் இளைஞர்களிடம் இருக்கிறது. எங்களுக்கும் இருந்தது. கோயில் நகரத்தில், யாரும் கிளம்பு என்று சொல்ல முடியாதபடி நம் பிள்ளைகளுக்கு ஓர் இடத்தை நிறுவனமாக நிலைநிறுத்தினார் என்பதை மனைப் பிரச்சினையோடு சேர்த்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

இதை அன்றைய வங்கிகளோடு ஒப்பிட வேண்டும். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார், நகரத்தார் முதல் போட்டார்கள். நாடார் மகாஜன சங்கம் 1910இல் தொடங்கியது, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. இன்று அதற்குப் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. சிதம்பரத்திலேயே 1920இல் மீனாட்சி கல்லூரியும் 1929இல் பல்கலைக்கழகமும் அமைத்த அண்ணாமலை செட்டியாரின் குடும்பம் வங்கித் தொழில் குடும்பம்தான். இதில் யாரையும் குறை சொல்லவில்லை. நாடார் சமூகம் தன்னைச் சுற்றியிருந்த அவமானத்தை எதிர்த்து மகமை சேர்த்து எழுந்த கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாங்கள் சொல்ல வருவது வேறு. கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் ஒருவரின் கடன் வரலாறு என்பது அவருடைய மாமன், மச்சான், சாதிச் சங்கம், சந்தைத் தெரு. இவர் இன்னார் மகன், இவரை நம்பலாம் என்று சொல்ல ஆள் இருந்தால் பணம் நகர்ந்தது. மகமை எடுக்க நம்மிடம் கடை இல்லை, கடை வைக்க நம்மைத் தெருவில் விடவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகான கதையைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடலாம். காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து வந்து இந்த மாவட்டத்தின் எம்.பி.யாக இருந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தீண்டாமையோடு பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலையையும் ஆராய்ந்து 1969இல் அறிக்கை கொடுத்தார்கள். அதே 1969இல் பதினான்கு வங்கிகள் தேசியமயமாகின. 1971இல் தமிழ்நாடு அரசு குடியிருப்புதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது இந்தச் சட்டம். 1968இல் வெண்மணியில் குடிசைக்குள் எரிந்தவர்களை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தைப் படிக்க முடியாது. 1974இல் தாட்கோ வந்தது. அதன் முழுப் பெயரிலேயே வீட்டு வசதி என்ற சொல் முதலில் இருக்கிறது. 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. இன்று கடலூர் மாவட்டத்தில் நாம் காலனி என்று சொல்லும் பல குடியிருப்புகள் அந்தச் சட்டத்தின் வழியாக வந்தவை. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. எத்தனை ஆயிரம் பட்டா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் அப்பாவுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு பட்டாதான்.

இப்போது அவளது விண்ணப்பத்துக்கு வருவோம். வங்கியில் முதல் நாள் சொன்ன காரணம் ஹிஸ்டரி இல்லை என்பது. இதற்குப் பதில் இருக்கிறது, எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2025 ஜனவரி 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் முதன்மை வழிகாட்டுதலில், முதன்முறையாகக் கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று இருக்கிறது. கடன் கொடுக்கக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்று நிதித்துறை இணை அமைச்சரும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார். வங்கி மற்ற விசாரணைகளைச் செய்யலாம், செய்யத்தான் செய்யும். ஆனால் -1 என்பது கதவை மூடும் காரணம் ஆகாது. இன்னொன்று, 2003இலேயே ரிசர்வ் வங்கி வெளியிட்ட நியாயமான நடைமுறை விதிகளில், கடன் கொடுப்பதில் பால், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை வைத்து எந்த மேல்முறையீடும் செய்ய முடியாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1930களில் அரசு அமைப்பு ஒன்றே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்டது. சிவப்புக் கோட்டுக்குள் வீட்டுக் கடன் கிடைப்பது அரிதானது. கடனைத் திருப்பிக் கட்டும் மனிதர் யார் என்று பார்க்கவில்லை, எந்தத் தெரு என்று பார்த்தார்கள். அதை எதிர்த்துப் போராடி 1968இல் வீட்டு வசதிச் சட்டம், 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம், 1977இல் உள்ளூர் மக்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகளைக் கடமைப்படுத்தும் சட்டம் என்று வாங்கினார்கள். நம்மூரில் சிவப்பு மை தேவைப்படவில்லை. முகவரியில் காலனி என்று இருந்தால் போதும்.

அந்த வழிகாட்டுதலின் நகலோடு தங்கை மறுபடியும் போனாள். சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், தவறாமல் கட்டிய வாடகை, மின் கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கிக் கொடுத்தோம். ஹிஸ்டரி பேச்சு அன்றோடு நின்றது. அடுத்த கேள்வி வந்தது. "மூலப்பத்திரம் எங்கே?"

இங்கேதான் நூறு வருட வரலாறும் ஒரே மேசையில் வந்து விழுகிறது.

வங்கியில் வீட்டை அடமானம் வைப்பது என்றால் பெரும்பாலும் உரிமை ஆவணங்களை அவர்களிடம் ஒப்படைத்து எம்.ஓ.டி. பதிவு செய்வதுதான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் வரும் முறை அது. முதலில் கல்கத்தா, மதராஸ், பம்பாய் வணிகர்களுக்காக வைத்த ஏற்பாடு. பத்திரம் பரம்பரையாகக் கைமாறி வரும் குடும்பத்துக்கு ஏற்ற முறை. வங்கி வக்கீல் மூலப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று கேட்பார், பட்டா கணினியில் தெரிகிறதா என்று பார்ப்பார். நம் காலனி வீட்டில் இருப்பது தனி வட்டாட்சியர் கையெழுத்திட்ட ஒப்படை ஆணை ஒன்று, டிரங்குப் பெட்டியில். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்று வக்கீல் எழுதிவிடுவார். தனியார் நிலத்துக்கு அவர் சொல்வது சரி. அரசு ஒப்படை செய்த மனைக்கு அந்த ஒப்படை ஆணைதான் மூல ஆவணம். அரசு வழங்கும் நில ஒப்படை ஆவணங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று பதிவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவே சொல்கிறது. இதை எடுத்துக் காட்டினால் சில வக்கீல்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அதைத் தாண்டினால் இரண்டாவது தடை. பட்டா கொடுத்த துறை ஒன்று, கணக்கு வைத்திருக்கும் துறை இன்னொன்று. நிலத்தை எடுத்து மனை பிரித்துப் பட்டா கொடுத்தார்கள். உட்பிரிவு செய்து வருவாய்க் கணக்கில் பெயர் ஏற்றும் வேலையைப் பல ஊர்களில் முடிக்கவே இல்லை. காகிதத்தில் மனை உன்னுடையது. கணினியில் அது பழைய நில உரிமையாளர் பெயரிலோ, மொத்தப் புல எண்ணிலோ கிடக்கும். மேடையில் பட்டா வாங்கிய புகைப்படம் வீட்டுச் சுவரில் தொங்கும். இணையத்தில் தேடினால் அந்தப் பெயர் வராது. அரசின் கான்கிரீட் வீட்டுத் திட்டங்களில் பெயர் சேர்க்கவும் இதே பட்டாதான் கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தின் கூரைகளைப் பிடுங்கிப் போட்ட பிறகு நிவாரண வேலைக்காக வீடு வீடாகப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, நிபந்தனை. இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். ஒப்படை மனைகளிலும் இத்தகைய நிபந்தனைகள் உண்டு. எத்தனை ஆண்டு, என்ன நிபந்தனை என்பது ஒவ்வோர் ஆணையிலும் எழுதியிருக்கும், ஆணையை முழுக்கப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் மிஞ்சியிருக்கும் நிலமும் எப்போதோ போயிருக்கும். இருந்தும்தான் எவ்வளவு போயிருக்கிறது! ஆனால் வங்கி எப்படிப் பார்க்கிறது? கடன் கட்டாவிட்டால் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வீட்டை ஏலம் விட வேண்டும், யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியாத வீட்டை ஏலம் எடுக்க யார் வருவார் என்று பார்க்கிறது. நம்மைக் காப்பாற்றும் விதியே நம் வீட்டின் சந்தை மதிப்பைக் குறைக்கிறது. அதற்காக நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லும் தோழர்களோடு நாங்கள் உடன்படவில்லை. தாட்கோவோ அரசோ உத்தரவாதம் கொடுத்து, நிபந்தனை மனைக்கும் வங்கி கடன் தரும்படி செய்ய வேண்டும் என்று கேட்பதே சரி. நூறு வருடத்துக்கு முன்பு ஈடே இல்லாதவர்களின் சங்கத்துக்கு ஓர் ஆங்கிலேய அரசு கடன் கொடுத்ததே, இன்றைக்கு ஏன் முடியாது?

காலனிக்கு வெளியே, கடலூர் டவுனில் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 விழுக்காடு கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 20 லட்ச ரூபாய் வீடு என்றால் 2 லட்சம் கையிலிருந்து வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக இன்னொரு 1 லட்சத்து 80 ஆயிரம். இது 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்பதால் அந்தச் செலவைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம், வங்கி ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்பே. மற்ற வீடுகளில் இந்தத் தொகை பாட்டி நகையாக, அப்பா விற்ற நிலமாக வரும். நமக்கு அது மீட்டர் வட்டியாக வந்தால் வீடு வாங்கிய அன்றே போய்விடும். 10 லட்சத்துக்குள் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு 2025 ஏப்ரல் முதல் உண்டு. வீட்டில் அம்மா, அக்கா பெயரை யோசியுங்கள்.

மாணவர்களிடம் தனியாக ஒன்று. நம்மில் பலரின் முதல் கடன் வரலாறு கல்விக் கடன். தேர்தல் சமயத்தில் தள்ளுபடி வரும் என்ற பேச்சை நம்பித் தவணையை நிறுத்திய நண்பர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பேச்சு அடங்கிவிடும், கட்டாத தவணை அறிக்கையில் நிற்கும். உன் பெயரில் மட்டும் நிற்காது, கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பா பெயரிலும் நிற்கும். படித்து முடித்து வேலை கிடைக்காவிட்டால் வங்கிக்குப் போய் எழுத்தில் அவகாசம் கேளுங்கள், ஒளிந்துகொள்ளாதீர்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. எடுத்துப் பாருங்கள். அம்மாவின் அறிக்கையையும் எடுங்கள். மைக்ரோ பைனான்ஸ் கடன் அதில் இருக்கும். மகளிர் குழுவில் பத்து வருடம் தவறாமல் கட்டியது அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குழுக் கடனில் உறுப்பினர் வாரியான விவரத்தை வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016இல் சொன்னது. பதிவாகவில்லை என்றால் வங்கியில் கேட்கலாம். வாரா வாரம் கொட்டகையில் உட்கார்ந்து கட்டிய அந்தப் பணமும் வரலாறுதான்.

தங்கையின் விண்ணப்பம் இப்போது சட்டக் கருத்தில் நிற்கிறது. ஒப்படை ஆணை அப்பாவின் பெட்டியில் கிடைத்தது, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி. எண்ணும் தேதியும் தெரிகின்றன. தாலுகா அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்தோம். அவர்கள் தெருவில் மனை வாங்கிய ஒருவர் பெயரும் கணக்கில் ஏறவில்லை. அதனால் அவள் ஒருத்திக்காக எழுதிய மனுவைக் கிழித்துவிட்டு, தெரு முழுக்கச் சேர்த்து ஒரே மனுவாக எழுதியிருக்கிறோம். கையெழுத்து வாங்கும் வேலை நடக்கிறது. ஜமாபந்தியில் கொடுக்க வேண்டும்.

இதே நிலையில் இருக்கும் ஊர்த் தோழர்கள் உங்கள் வீட்டு ஒப்படை ஆணையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் போட்டோ பிடித்து, மூன்று நகல் வையுங்கள்.